வேளச்சேரியில் வாடகையா, கூடுவாஞ்சேரியில் சொந்த ஃபிளாட்டா?

சென்னை வேளச்சேரியில் ஒரு தனிவீட்டின் மாடிப் பகுதியில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 38. சிறுசேரியில் மென்பொருள் வேலை. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். மனைவிக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் ஆறு நாள் வேலை. மகள் வீட்டுக்கு அருகிலேயே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். குடிவந்தபோது மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதக் கணக்கில் ஒன்றரை லட்சம். அப்போது 11 மாதத்துக்கு ஒரு பத்திரம் எழுதினார்கள். அதன்பின் யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. வாடகை படிப்படியாக ஏறி இப்போது 19,000. சென்ற மாதம் வீட்டுக்காரர், “இனி 26,000 வேண்டும், அட்வான்ஸையும் 2,60,000 ஆக்கிவிடுங்கள், முடியாது என்றால் ஒரு மாதத்தில் காலி செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டார். மின்சாரத்துக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார் என்பது தனிக் குறை.

“பத்திரமே இல்லாததால் அவர் என்னைச் சட்டப்படி வெளியேற்ற முடியாதுதானே? எட்டு மாதம் வாடகை தராமல் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறேன். கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் 48 லட்சத்துக்கு ஃபிளாட் பார்த்து 25,000 கட்டி முன்பதிவும் செய்துவிட்டேன். இந்த வாரம் ஐந்து லட்சம் கேட்கிறார்கள். கையில் எட்டு லட்சம் இருக்கிறது, மீதிக்கு மனைவியின் நகை இருக்கிறது. மெட்ரோ வந்தால் விலை இரட்டிப்பாகும் என்கிறார்கள். வாடகையாகக் கொட்டும் பணத்தைத் தவணையாகக் கட்டிவிட்டுப் போகலாமே?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

வீட்டுக்காரரோடு வாக்குவாதம் நடந்த அன்று இரவே இதை எழுதியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரோடு உள்ள தகராறு சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தீரக்கூடியது; ஃபிளாட் கடன் இருபது ஆண்டு கூடவே வரும். முதலாவதிலிருந்து தப்பிப்பதற்காக இரண்டாவதில் போய் விழுவதை என் வழக்கறிஞர் அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் இரண்டையும் பிரித்தே பதில் சொல்கிறேன்.

பத்திரம் இல்லாதது உங்களுக்குப் பலம் இல்லை

பழைய 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதன்படி எந்த வாடகையும் எழுத்து ஒப்பந்தமாக இருக்க வேண்டும். அதை இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால்தான் 11 மாதப் பத்திரம் என்ற வழக்கமே வந்தது. புதிய சட்டத்தின் முன் அந்தத் தந்திரம் செல்லாது. 11 மாதமானாலும் பதிவு வேண்டும்.

உங்கள் நம்பிக்கை தலைகீழாக இருப்பது இங்கேதான். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, வீட்டை மீட்டுத் தரும்படி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட இந்தச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி தருகிறது. பத்திரம் இல்லாமல் இருப்பவர்தான் எளிதில் வெளியேற்றப்படக்கூடியவர். “பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் வீடு நமக்கே” என்று யாரோ சொன்னதாகவும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். எத்தனை ஆண்டு இருந்தாலும் அவருக்கு அந்த உரிமை வராது. இந்தக் கதையைக் கேட்டுப் பயந்துதான் பல வீட்டுக்காரர்கள் பத்திரம் எழுதாமலும், ரசீது தராமலும், குடித்தனக்காரரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதே சமயம், ஒரு மாதத்தில் தெருவுக்கு வந்துவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். நீங்களாக ஒப்புக்கொண்டு காலி செய்தால் ஒழிய, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, மாடிப்படிக்கு கேட் போட்டுப் பூட்டுவது எல்லாம் சட்டம் தடுத்தவை. அப்படி ஏதாவது நடந்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து இணைப்பைத் திரும்பப் பெறலாம்.

அட்வான்ஸில் கழிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்

எட்டு மாதம் வாடகை தராமல் இருப்பது சாமர்த்தியமாகத் தெரிகிறது. அட்வான்ஸ் உங்கள் பணம்தானே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் அதை வட்டியோடு கட்டவில்லை என்றால், அதுவே வெளியேற்றத்துக்குத் தனியான, உறுதியான காரணமாகிவிடும். இப்போது அவர் பக்கம் தவறு இருக்கிறது. வாடகையை நிறுத்திய மறுமாதம் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். 19,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, மறுத்துத் திரும்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி இருக்கிறது.

பத்து மாத அட்வான்ஸ் சட்டவிரோதம், போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறீர்கள். இதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் என்ற விதிவிலக்கையும் அதே வரியில் வைத்திருக்கிறது. சென்னையில் பத்து மாத வழக்கம் இன்னும் சாகாததற்கு அந்த விதிவிலக்கும் ஒரு காரணம். நீங்கள் அன்று கையெழுத்துப் போட்டதை இன்று போலீஸ் நிலையத்தில் அவிழ்க்க முடியாது. ஆனால் இனிமேல் கூடுதலாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தர உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்தப் பழைய 11 மாதப் பத்திரத்தைத் தேடி எடுத்துவையுங்கள். ஒன்றரை லட்சம் கொடுத்ததற்கு இப்போது அதுதான் சாட்சி.

வாடகை உயர்வுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீதம் அல்லது பத்து சதவீதம்தான் உச்சவரம்பு என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு வரம்பு இந்தச் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வரம்பு. எழுதாதவர்களுக்குப் பேரம்தான் முதல் வழி.

அந்தப் பேரத்தில் நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்கு வலு அதிகம். ஆறு ஆண்டு ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பம் போய்விட்டால், அவர் வெள்ளையடிக்க வேண்டும், தரகரைப் பார்க்க வேண்டும், வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே கேட்ட உயர்வில் சில மாதத் தொகை கரைந்துவிடும். உங்கள் தெருவில் அதே அளவு வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று விசாரித்து வைத்துக்கொண்டு, 22,000 முதல் 23,000 வரை, இரண்டு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு, அட்வான்ஸ் இப்போது இருக்கும் ஒன்றரை லட்சமே, காலி செய்யும்போது ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு முன்மொழிவை எழுதிக் கொடுங்கள். அவருக்கும் இதில் ஒரு லாபம் சொல்லலாம்: பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் உங்கள் பன்னிரண்டு ஆண்டுக் கதைக்கு அவர் பயப்பட வேண்டியதில்லை.

மின்கட்டணத்தையும் அதிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக்குத் தனி இணைப்பு இருந்தால், இணைப்பு எண்ணை வாங்கி மின்வாரியத்துக்கு நீங்களே கட்டலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகையும் உங்களுக்கே வரும். ஒரே இணைப்பில் சப் மீட்டர்தான் என்றால், அவருக்கு வரும் பில்லைப் பார்த்துப் பங்கிடுவது என்று எழுதுங்கள். 9 ரூபாய் கொள்ளையா இல்லையா என்பது அந்தப் பில்லைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு குடித்தனமும் ஒரே மீட்டரில் ஓடினால் மொத்த யூனிட் கூடி, கட்டணம் மேல் அடுக்குக்குப் போய்விடும்.

கணக்கில் வராத நேரம்

உங்கள் கடிதத்தில் வாடகை, தவணை, முன்பணம், சதுர அடி எல்லாம் இருக்கின்றன. ஒரு வரி மட்டும் இல்லை: கூடுவாஞ்சேரிக்குப் போவது பற்றி உங்கள் மனைவி என்ன சொன்னார்?

உங்களுக்கு அது பெரிய மாற்றம் இல்லை. வண்டலூர் வந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால் சிறுசேரி. அதுவும் வாரம் மூன்று நாள். அவருக்கு வாரம் ஆறு நாள். இப்போது கிண்டி வரை பஸ், அங்கிருந்து நுங்கம்பாக்கத்துக்கு நான்கே ஸ்டேஷன். கூடுவாஞ்சேரியிலிருந்தும் நேர் ரயில்தான் என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். ஆனால் கடற்கரை–தாம்பரம் இடையே வண்டி ஓடும் அளவுக்கு தாம்பரம்–செங்கல்பட்டு இடையே ஓடாது. மாலையில் நுங்கம்பாக்கம் நடைமேடையில் நிற்கும்போது வருவது தாம்பரம் வண்டி என்றால், ஏறித் தாம்பரத்தில் இறங்கி அடுத்த செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருப்பதா, அல்லது இங்கேயே நின்று, கிண்டியில் இன்னும் கூட்டம் ஏறப்போகும் அந்த வண்டியிலேயே தொற்றிக்கொள்வதா என்று தினமும் ஒரு முடிவெடுக்க வேண்டும். ஸ்டேஷனில் இறங்கியபின் ஃபிளாட் வரை ஷேர் ஆட்டோ. விளம்பரத்தில் இருக்கும் “ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்” என்பது காலி சாலையில் கார் ஓட்டிய ஐந்து நிமிடம்.

போக வர நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுகிறது என்று குறைத்து வைத்தாலும் மாதம் முப்பது மணி நேரத்துக்கு மேல் போகிறது. பள்ளி மூன்றரைக்கு விட்டால், எட்டு மணிக்கு அம்மா வரும்வரை குழந்தையை யார் பார்ப்பது? நகரத்தின் ஓரத்துக்குக் குடிபோன குடும்பங்களில் ஓராண்டுக்குள் வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் மனைவிமார்கள் என்பது நான் கண்டது. அந்தச் சம்பளம் நின்றபின் தவணைக் கணக்கு என்ன ஆகும் என்று இன்றே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

மெட்ரோ விஷயத்திலும் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 63,246 கோடி. அதில் சிறுசேரிக்கு வரும் பாதை மாதவரத்திலிருந்து நகரத்துக்குள் புகுந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியாக வருகிறது. தாம்பரம், கூடுவாஞ்சேரி வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலைப் பக்கம் அது வரவே வராது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீட்டிப்பது வேறொரு திட்டம், அதுவும் கூடுவாஞ்சேரிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். சிறுசேரி மெட்ரோவை நம்பி வீடு வாங்குவதானால் அது இருக்க வேண்டிய இடம் வேறு.

48 லட்சம் என்பது 48 லட்சம் அல்ல

கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி வரி உண்டு. 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடாக இருந்தால் ஒரு சதவீதம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டதால் 5 சதவீதம், அதாவது 2,40,000. புது ஃபிளாட் 50 லட்சம் வரை என்றால் முத்திரைத்தாளும் பதிவும் சேர்ந்து 6 சதவீதம், 2,88,000. இந்த விலைக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் கடன் தரும் என்பதால் 9,60,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். கூட்டினால் ஏறக்குறைய 15 லட்சம். கார் நிறுத்துமிடம், பராமரிப்பு வைப்புத்தொகை, கதவு அலமாரி வேலை எல்லாம் இதில் சேரவில்லை. உங்களிடம் இருப்பது எட்டு. மிச்சம் ஏழு லட்சமும் நகை என்றால், வீட்டுக்கடனுக்கு மேல் நகைக்கடன் வட்டியும் ஓடும்.

38,40,000 கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை 33,000 ரூபாயைத் தாண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 80 லட்சம் போயிருக்கும். அதோடு வீடு கைக்கு வரும்வரை வங்கிக்கு வட்டியும் கட்ட வேண்டும், வேளச்சேரி வாடகையும் கொடுக்க வேண்டும். “வாடகையாகக் கொட்டும் பணம்” தவணையாக மாறப்போவதில்லை. சில காலம் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்த வாரம் கேட்கும் ஐந்து லட்சத்தைத் தராதீர்கள். வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் 2016 ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து சதவீதம் என்றால் 4,80,000; நீங்கள் ஏற்கெனவே 25,000 கொடுத்துவிட்டீர்கள். ஒப்பந்தம் இல்லாமல் ஐந்து லட்சம் கேட்பவர் சட்டம் தெரியாதவராக இருக்க வாய்ப்பில்லை. எட்டு வீடுகளுக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேல் உள்ள திட்டங்கள் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டு, முடித்துக் கொடுப்பதாக அவர்கள் அங்கே தந்திருக்கும் தேதியைப் பாருங்கள். உங்களிடம் வாயால் சொன்ன தேதிக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால், அங்கே இருப்பதுதான் செல்லும். தாமதமானால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவோ, தாமத மாதங்களுக்கு வட்டி கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உத்தரவை வாங்கிப் பணமாக்குவதற்குள் எத்தனை செருப்புத் தேயும் என்பதையும் ஒரு வழக்கறிஞராக நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது

வேளச்சேரி வீட்டுக்காரர் 23,000-க்கு இறங்கிவந்து பத்திரம் போட்டால் அங்கேயே இரண்டு ஆண்டு இருங்கள். இறங்காவிட்டால், கூடுவாஞ்சேரிக்கு முன்னால் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே வாடகைக்குப் பாருங்கள். மனைவிக்குத் தாம்பரம் வண்டிகள் எல்லாமே பயன்படும்; உங்களுக்கு மேடவாக்கம் வழியாகவோ வண்டலூர் வழியாகவோ சிறுசேரி போகலாம், உங்கள் நிறுவனத்தின் பஸ் அந்தப் பக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள். குழந்தையின் பள்ளியை மாற்ற வேண்டியிருந்தால், கல்வியாண்டு முடியும்வரை வீட்டுக்காரரிடம் அவகாசம் கேட்பது நியாயமான கோரிக்கை; எழுத்தில் கேளுங்கள்.

சொந்த வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடுவாஞ்சேரிதான் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், முதலில் அங்கே ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது அங்கே கழியுங்கள். 2015-லும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி மூழ்கியதைப் பார்த்தவர் நீங்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். ஏரிக்கரை ஓரம் எது, மழை நின்ற மறுநாள் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை எந்த விளம்பரமும் காட்டாது. அதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால் கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் பெற்ற ஃபிளாட்டைப் பாருங்கள். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, இரட்டைச் சுமையும் இருக்காது. நகையை அடகு வைப்பதானால் பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்கட்டும்.

முன்பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்று பொடி எழுத்தில் இருக்கும். இன்றே படியுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் (நிலத்தில் உங்கள் பங்கு) எத்தனை சதுர அடி என்ற விவரம், விற்பனை ஒப்பந்தத்தின் வரைவு ஆகியவற்றைக் கேட்டு அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பத்து நாளில் தரவில்லை என்றால், 25,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி இரண்டாவது மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். தந்தால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் பகுதியில் சொத்து ஆவணங்களைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். நீங்கள் கொடுக்கப்போகும் தொகையோடு பார்த்தால் அவருடைய கட்டணம் சொற்பம்தான்.